மூன்றாவது தோசை

எங்கள் மூவரில் ஹோட்டல் வாசலைக் கண்டால் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான். ஆண் துணை இல்லாமல் பெண்கள் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவதை ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்த எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் உள்ளே வந்தால் கல்லாவில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். சர்வர் ஒன்றும் கேட்காமலே, "ஃபேமிலி ரூம் அந்தப் பக்கம்" என்று கை காட்டுவார். ஃபேமிலி ரூம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஹாலின் மூலையில் பலகை வைத்துத் தடுத்த ஒரு பொந்து. ஒரு மேசை, நான்கு நாற்காலி, சுற்றினாலும் காற்று வராத ஒரு ஃபேன், வாசலுக்கு ஒரு அழுக்குத் திரை. அந்தத் திரையைப் பார்த்ததும் எனக்கு உயிர் வரும். என் தோழிக்கோ கோபம் வரும்.

"நாம என்ன களவாண்டா திங்கோம், மறைஞ்சு ஒக்கார?" என்று சர்வருக்குக் கேட்கும்படியே சொல்வாள். ஹாலின் நடுவில், தோசைக்கல் தெரிகிற மேசையாகப் பார்த்து, நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்காருவாள். எங்களில் மூத்தவரான அக்கா சிரித்துக்கொண்டே அவள் பக்கத்தில் போய் உட்காருவார். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

மூவரும் ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவேன். அவள் வன்னியம்பட்டி. அக்கா என்று நாங்கள் கூப்பிட்டவர் வத்திராயிருப்பில் வாக்கப்பட்டவர், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், கணவர் போலீஸில் இருந்தார். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போர்டுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்போம். விளக்கு எரிந்தால் கயிற்றை எடுத்துச் செருக வேண்டும், "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும், இணைக்க வேண்டும். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். பஞ்சு வியாபாரிகள் கம்பி இல்லாமலே கோயம்புத்தூருக்குக் கேட்கும்படி கத்துவார்கள்.

அந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. காதில் எது விழுந்தாலும் வாய்க்கு வரக் கூடாது. யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் கல்யாணம் நின்றது, யாருக்கு யார்மேல் கண் எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஆள் எதிரே வந்தால் ஒன்றும் தெரியாத முகத்தோடு கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். எனக்கு அதில் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

மாதம் ஒரு தடவை எங்கள் மூவருக்கும் ஒரே நாளில் ஓய்வு வரும்படி அக்கா எப்படியோ பேசிச் சரிக்கட்டிவிடுவார். அன்றைக்கு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப முடியும். எனக்கு அப்போது கல்யாணமாகி, மடியில் ஒரு குழந்தையும் இருந்தது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, "சங்கரன்கோவிலுக்குப் போயிட்டு வாரேன் அத்தே" என்றால் மறு பேச்சு இருக்காது. சங்கரன்கோவிலுக்குப் போனது உண்மைதான். பஸ்ஸைவிட்டு இறங்கி முதலில் போனது ஹோட்டலுக்கு. ஏப்பம் விட்டபிறகுதான் சாமிக்கு முகம் காட்டுவோம். அதுவும் திருநீறு, குங்குமம் பொட்டலம் வேண்டுமே என்பதற்காக. அந்தப் பொட்டலம்தான் எங்களுக்கு டிக்கெட்.

தென்காசி, குற்றாலம், விருதுநகர், மதுரை என்று பஸ் போகிற ஊர்களுக்கெல்லாம் போனோம். எந்த ஊரின் கோபுரமும் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. தோசை நினைவிருக்கிறது. குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருக்க, ஈரத் தலையோடு நின்றுகொண்டே சாப்பிட்ட ரவா தோசை. விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவை அக்கா கையாலேயே நொறுக்கி, சால்னாவை ஊற்றிக் குழைத்து, "இத எங்க வீட்டுக்காரரு பாத்தா என்னைய லாக்கப்புல வச்சிருவாரு" என்றது. மதுரையில் ஓர் ஓட்டலில் ஊத்தப்பத்தின்மேல் வெங்காயம் கருகாமல் பொன்னிறமாக இருந்ததைப் பார்த்து அவள் கையைக் கட்டிக்கொண்டு செத்த நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் சாப்பிடுவதே ஒரு தனி அழகு. எந்த ஊராக இருந்தாலும் முதலில் சாதா தோசைதான் கேட்பாள். சாதா தோசை ஒழுங்காக வராத கல்லில் நெய் ரோஸ்ட் மட்டும் வந்துவிடுமா என்பது அவள் கட்சி. தோசை வந்ததும் உடனே கை வைக்க மாட்டாள். முகர்ந்து பார்ப்பாள். ஒரு விள்ளலை எதையும் தொட்டுக்கொள்ளாமல் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவாள். "நேத்து மாவு. ஆனா கெடல" என்பாள். "கல்லு காயுமுன்ன ஊத்திட்டாரு" என்பாள். சரியில்லை என்றால் எழுந்து நேராகக் கல்லுக்குப் போய்விடுவாள். "அண்ணாச்சி, எனக்கு ஊத்துறத மட்டும் இன்னும் செத்த நேரம் விட்டு எடுங்க" என்று கேட்பாள். முதலில் முறைக்கிற தோசை மாஸ்டர், இரண்டாவது தோசையைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் தலையை ஆட்டியபிறகுதான் போவார்.

தோசையின் நடுவிலிருந்து சாப்பிட ஆரம்பிப்பாள். சுற்றியுள்ள முறுகலான ஓரத்தை மட்டும் கடைசிக்கு என்று தனியே ஒதுக்கி வைத்திருப்பாள். நான் என் தட்டைக் காலி செய்துவிட்டு அதற்குக் கை நீட்டுவேன். சுளீரென்று புறங்கையில் ஒரு அடி விழும். "ஏட்டி, என் உசுரக்கூடக் கேளு, தாரேன். ஓரத்த மட்டும் கேக்காத" என்பாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அந்த ஓரத்தை எனக்குக் கொடுத்ததில்லை.

அவளுக்கு இருபத்தொன்பது வயதாகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. பார்க்க நன்றாக இருப்பாள், கை நிறையச் சம்பளம், சொந்தமாக நிலம். ஆனாலும் தட்டிக்கொண்டே போனது. ஒன்பது தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்பது தடவையும் பட்டுப்புடவை கட்டி, கேசரித் தட்டையும் பஜ்ஜித் தட்டையும் தூக்கிக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். வந்தவர்கள் சாப்பிடுவார்கள், இவள் நிற்பாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "நாம சுட்ட பஜ்ஜிய நம்மளுக்கு முன்னாலயே திங்கான். ஒண்ணு எடுத்துக்கமான்னு ஒருத்தன் வாயிலயாவது வருதா?" என்று எங்களிடம் பொருமுவாள். ஒன்பதாவது ஆள் வேண்டாமென்று சொல்லியனுப்பியதும், இனிமேல் யார் வந்தாலும் தட்டுத் தூக்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அவள் அம்மா அழுதும் பார்த்தார், பட்டினி கிடந்தும் பார்த்தார்.

அந்த அம்மா ஒருநாள் மத்தியானம் என் வீட்டைத் தேடி வந்தார். பையில் பச்சை நிலக்கடலை கொண்டுவந்திருந்தார். அதைத் தரையில் கொட்டிவிட்டு, என் மாமியார் அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு எடம் வந்திருக்கு தாயி. மாப்பிள பட்டாளத்துல இருக்காரு. நல்ல குடும்பம். லீவு முடியப் போகுது. இவகிட்டச் சொன்னா வீட்டவிட்டே போயிருவா."

"நான் என்னம்மா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சனிக்கெழம டூட்டி முடிஞ்சதும் அவள இங்க ஒங்க ஊரு ஹோட்டலுக்குக் கூட்டிட்டு வந்துரு. அவிய பக்கத்துல ஒக்காந்து தெரியாம ஒரு பார்வ பாத்துட்டுப் போயிருவாக. வீட்ல அவ ஒலக்க மாதிரி மொறச்சுக்கிட்டு நிக்கா. எவனுக்குப் பிடிக்கும்? ஒங்ககூட இருக்கயிலதான் சிரிக்கான்னு எல்லாரும் சொல்லுதாக. அந்தச் சிரிச்ச மொகத்த ஒருக்கா பாத்துட்டாப் போதும், தாயி. அவகிட்ட மட்டும் மூச்சு விட்ராத."

பெண்ணைக் கோயிலில் வைத்துத் தெரியாமல் காட்டுவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. ஆண்டாள் கோயில் பிரகாரத்தில் எத்தனையோ பெண்கள் அப்படித் தெரியாமலே பார்க்கப்பட்டிருக்கிறார்கள். நானும் அப்படிப் பார்க்கப்பட்டவள்தான். எனக்குக் கல்யாணம் முடிந்தபிறகுதான் சொன்னார்கள், நான் சிரித்தேன். அதனால் அந்த அம்மா கேட்டது எனக்குத் தப்பாகப் படவில்லை. பாவமாகத்தான் இருந்தது. கல்யாணமானவள் என்கிற திமிரும் எனக்குள் கொஞ்சம் இருந்தது. அவளுக்கு எது நல்லது என்று அவளைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சரி என்றேன்.

அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு மாலை டூட்டி, எங்கள் இருவருக்கும் காலை டூட்டி. வேலை முடிந்து ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, "எங்க ஊர்ல டிபன் சாப்பிட்டுட்டு அப்பறமா நீ வன்னியம்பட்டிக்குப் போயேன்" என்றேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். சொந்த ஊரில் ஹோட்டல் படியை மிதிக்க மாட்டேன் என்று இருந்தவள் நான். மாமியாருக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவார் என்று சொல்லிச் சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தவிர மற்ற எல்லா ஊரிலும் சாப்பிட்டிருந்தோம்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரம். அவள் ஜன்னல் ஓரமாக இருந்து, காலையில் லைனில் வந்த ஒரு பஞ்சு வியாபாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள் என்று பயந்து மூடிக்கொண்டேன். காதில் விழுந்தது வாய்க்கு வரக் கூடாது. நான்தான் அதில் கெட்டிக்காரி ஆயிற்றே.

ஹோட்டலில் நுழைந்ததும் சர்வர் வழக்கம்போல மூலையைக் காட்டினார். ஹாலில் சுவரோரமாக அவர்கள் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருப்பதை நான் பார்த்துவிட்டேன். ஒட்ட வெட்டிய முடியோடு ஒருவர், அவருடைய அம்மா, அக்காவோ தங்கையோ ஒரு பெண். ஆளுக்கொரு காபி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தார்கள்.

"வேண்டாம். ஹாலுலயே ஒக்காரலாம்" என்றேன்.

அவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

"ஏட்டி! நீயா சொல்லுத? சொந்த ஊர்லயா? எம்புட்டுத் தைரியம் வந்துட்டு ஒனக்கு!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களுக்கு நேர் எதிரான மேசையில் உட்கார்ந்தோம். நான் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். "ரெண்டு இட்லி போதும்லா?" என்றேன். "இட்லி காய்ச்சக்காரிக்கு" என்றாள். முதலில் சாதா தோசை வந்தது. முகர்ந்தாள், கண்ணை மூடினாள், பிடித்துப்போயிற்று. அடுத்து நெய் ரோஸ்ட். அதில் ஒரு பக்கம் முறுகவில்லை. எழுந்து கல்லுக்குப் போய் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்தாள். பட்டாளத்துக்காரர் அதைப் பார்த்துச் சிரித்ததை நான் கவனித்தேன். நல்ல சிரிப்புத்தான் அது. அவருடைய அம்மா சிரிக்கவில்லை.

பிறகு பஞ்சு வியாபாரி லைனில் கத்தியதை நடித்துக் காட்டினாள். தம்ளரைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ! ஹலோ! ஏலே, நான் இங்க பஞ்சுக்குள்ள நிக்கேன்லே! சத்தமாப் பேசுலே!" என்று கத்தினாள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் புரையேறிச் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. "மெதுவாப் பேசுட்டி" என்றேன். என் கண் அடிக்கடி சுவர்ப் பக்கம் போவதை அவள் பார்த்திருக்க வேண்டும். தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்று நான் பயப்படுவதாக நினைத்துக்கொண்டாள்.

"யாரு பாத்தா என்ன? நீ இன்னைக்கு ஹாலுல ஒக்காந்திருக்க. இதுக்காகவே நான் இன்னொண்ணு திங்கணும்" என்று சொல்லி, சர்வரைக் கூப்பிட்டு மூன்றாவது தோசை கேட்டாள்.

அந்த மூன்றாவது தோசை எனக்காகக் கேட்டது. நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்ற சந்தோஷத்துக்காகக் கேட்டது. அவள் அதை நடுவிலிருந்து பிய்த்துச் சாப்பிட்டு, ஓரத்தை ஒதுக்கிவைத்து, கடைசியில் ஒவ்வொரு துண்டாக நொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது சுவரோரத்து மேசைக்காரர்கள் எழுந்து போனார்கள். பட்டாளத்துக்காரரின் அம்மா எங்களைத் தாண்டும்போது மேசையில் இருந்த தட்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து உறவுக்காரர் ஒருவர் மூலமாகப் பதில் வந்ததாம். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா பொம்பளப்பிள்ளைக்கு அம்புட்டு வயிறு ஆகாது. சத்தமும் ஜாஸ்தி." அவள் அம்மா அதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். வருத்தம் தாங்காமல் மகளிடமே கொட்டிவிட்டார். நாலு பேர் பார்க்க மூன்று தோசையா தின்பாய் என்று திட்டியிருக்கிறார். எந்த நாலு பேர் என்று இவள் கேட்டிருக்கிறாள். "ஒன் கூட்டாளிகிட்டச் சொல்லித்தானே கூட்டிட்டு வரச் சொன்னேன். அவளாவது ஒன்னையக் கொஞ்சம் அடக்கியிருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் எனக்கு அக்கா சொல்லித் தெரிந்தது. அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பவும் இல்லை. திங்கட்கிழமை வழக்கம்போல வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கயிறு சிக்கினால் எடுத்துவிட்டாள். டீ வந்தால் எனக்கு நகர்த்தி வைத்தாள். மத்தியானம் நான் "சாப்பிடப் போலாமா?" என்று கேட்டதற்கு, "இல்ல, கொண்டாந்திருக்கேன்" என்று தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு, அறையின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதுகு அசையாமல் ஒருத்தி சாப்பிட முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு நன்றாகக் கேட்டார். "ஊரு ஒலகம் அவள வேடிக்க பாத்துச்சு, சரி. நீ அவளுக்கு எதிர்த்தாப்புல ஒக்காந்துல்லா வேடிக்க பாத்துருக்க. எப்பிடி ஒனக்கு எறங்குச்சு?" எனக்கு இறங்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். அப்படிச் சொன்னால் நான் தப்பித்துக்கொள்வதுபோல ஆகிவிடும் என்று சும்மா நின்றேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பக்கத்து நாற்காலிதான், கை எட்டுகிற தூரம்தான். நாளைக்குக் கேட்கலாம், அவள் கோபம் ஆறட்டும் என்று தள்ளிப் போட்டேன். அவள் கோபமாகவே இல்லை என்பதால் அது ஆறவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மாதாந்திர ஊர் சுற்றலும் அதோடு நின்றுபோயிற்று. ஒரு தடவை நானும் அக்காவும் மட்டும் தென்காசிக்குப் போனோம். தோசை வந்தது. அதைப் பற்றி என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. பேசாமல் தின்றுவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்குக் கல்யாணம் ஆனது. திருநெல்வேலிப் பக்கம், மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். இந்த முறை அவள் மறுக்காமல் பட்டுப்புடவை கட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாளாம். நானும் அக்காவும் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இலையில் வைத்ததெல்லாம் வைத்தபடி இருந்தது. குனிந்த தலையோடு சோற்றை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "பொண்ணு எம்புட்டு அடக்கமாச் சாப்பிடுது பாரு" என்று பாராட்டினாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டேன். போன இடத்தில் அழுகையும் வந்துவிட்டது.

அவள் திருநெல்வேலிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் எக்ஸ்சேஞ்சில் தானாகவே இணைக்கிற மிஷின் வந்தது. போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் வந்தபிறகு எங்களை யாரும் நம்பர் கேட்கவில்லை. என்னைக் காகிதம் பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். அக்கா விருப்ப ஓய்வு பெற்று வத்திராயிருப்புக்கே போய்விட்டார். நான் திருநெல்வேலி நம்பரை எழுதி வைத்திருந்தேன். வாழ்நாளெல்லாம் யார் யாரையோ யார் யாரோடோ பேச வைத்தவள், அந்த ஒரு நம்பரை மட்டும் போடவில்லை.

தொண்ணூறுகள் முடியப்போகும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அம்மாவின் திவசத்துக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை. கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. "வா, ஏதாவது சாப்பிடலாம்" என்று நான்தான் கூப்பிட்டேன். வர மாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். அதே ஹோட்டலுக்குத்தான் போனோம். பக்கத்தில் வேறு இருந்தும் என் கால் அங்கேதான் போயிற்று.

ஹோட்டல் நிறைய மாறியிருந்தது. மேசைக்கெல்லாம் வழவழப்பான கல் போட்டிருந்தார்கள். ஹாலில் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலேஜ் பெண்கள் நாலைந்து பேர் ஒரே தட்டில் கை வைத்துப் பிய்த்துத் தின்றுகொண்டு சிரித்தார்கள். ஒருவரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு மேசை காலியாக இருந்தது. தோசைக்கல் தெரிகிற மேசை. நான் அதை நோக்கி நடந்தேன்.

அவள் வாசலிலேயே நின்று சர்வரிடம், "ஃபேமிலி ரூம் இருக்கா?" என்று கேட்டாள்.

சர்வர், "இருக்கும்மா, ஆனா இப்ப யாரும் அங்க போறதில்ல" என்று சொல்லிவிட்டு மூலையைக் காட்டினார். அதே பொந்துதான். திரை மட்டும் புதிது. அவள் உள்ளே போய், சுவர்ப் பக்கத்து நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, திரையை இழுத்துவிட்டாள்.

ஆளுக்கொரு சாதா தோசை சொன்னோம். வந்ததும் அவள் முகர்ந்து பார்க்கவில்லை. நேற்று மாவா இன்றைய மாவா என்று சொல்லவில்லை. எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அந்தத் திரைக்குப் பின்னால் கொட்டினேன். "நான் செஞ்சது தப்பு. பஸ்ஸுலயே சொல்லியிருக்கணும். அரை மணி நேரம் இருந்துச்சு, சொல்லல. என்னை மன்னிச்சிரு" என்றேன்.

அவள் தோசையின் நடுவில் ஒரு விள்ளலைப் பிய்த்தாள்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் எறங்கி ஓடியிருக்க மாட்டேன்ட்டி" என்றாள். "வந்திருப்பேன். அதே மேசையில ஒக்காந்து, அந்தப் பொம்பள மொகத்துக்கு நேராவே மூணு தோசையும் தின்னிருப்பேன். நாலுகூடத் தின்னிருப்பேன். என்னைய வேண்டாம்னா வேண்டாம்னு போயிருக்கட்டும். அது நானாத் தின்ன தோசையா இருந்திருக்கும்."

நான் தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"நீ ஹாலுல ஒக்காரலாம்னு சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றாள். "தைரியம் வந்துட்டுன்னுல்லா நெனச்சேன். அம்புட்டு சந்தோஷப்பட்டேன்." அதைச் சொல்லும்போது அவள் குரலில் குத்தல்கூட இல்லை. "பொறவு எங்க ஒக்காந்து சாப்பிட்டாலும், எதிர்த்தாப்புல இருக்கறவுகள யாரு என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்காகளோன்னு தோணுது. வீட்லயும் அப்பிடித்தான். பழகிட்டு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். அவள் தட்டில் நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் காலியாகியிருந்தது. சுற்றிலும் அந்த முறுகலான ஓரம் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, தட்டை என் பக்கமாக நகர்த்தினாள்.

"ஒனக்குப் பிடிக்கும்லா, எடுத்துக்க" என்றாள்.

புறங்கையில் அடி விழாதா என்று ஒரு கணம் பார்த்தேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரையைக் கொஞ்சமாக விலக்கி, ஹாலில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வெளியே போனாள். நான் அந்த ஓரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஆறிப்போய், தோல் மாதிரி இழுத்தது. மெல்ல முடியாமல் மென்று முழுவதையும் தின்றேன்.